எலக்ட்ரிக் பல் பிரஷ்: எதை வாங்குவது, எப்போது வாங்கினால் விலை குறையும்

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு மேல் போனில் ஒரு எலக்ட்ரிக் பிரஷ் கண்ணில் பட்டது. அச்சிட்ட விலை 4,999 ரூபாய், விற்கும் விலை 1,249. ‘75 சதவீதம் தள்ளுபடி, இன்னும் இரண்டு மணி நேரம்தான்’ என்று சிவப்பு எழுத்தில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வலி. சாதாரண பிரஷ்ஷைப் பிடித்துத் தேய்ப்பதே அவருக்குச் சிரமமாக இருந்த நேரம் அது. யோசிக்காமல் வாங்கிவிட்டேன்.

பிரஷ்ஷில் ஒரு குறையும் இல்லை. அம்மாவுக்கும் பிடித்துப்போயிற்று. பெட்டியில் வந்த இரண்டு ஹெட்டுகளும், அதாவது கைப்பிடியில் கழற்றி மாட்டும் நார் உள்ள தலைப்பகுதிகள், ஆறு மாதத்தில் தேய்ந்தன. புது ஹெட் தேடினேன், எங்கும் கிடைக்கவில்லை. பெட்டியில் இருந்த எண்ணுக்குப் பலமுறை அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கைப்பிடி அலமாரிக்குள் போனது. அம்மா பழைய பிரஷ்ஷுக்கே திரும்பினார்.

அதற்குப் பிறகு வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் ஏழெட்டு எலக்ட்ரிக் பிரஷ்கள் பார்த்துப் பார்த்து வாங்கியிருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதை வரிசைப்படி எழுதுகிறேன். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கைப்பிடியை ஒரு தடவை வாங்குகிறோம், ஹெட்டை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வாங்குகிறோம். ஆகவே எந்தத் தள்ளுபடியையும் ஹெட்டின் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முதல் படி: உங்கள் வீட்டில் யாருக்கு இது தேவை?

சாதாரண பிரஷ்ஷால் ஒழுங்காக இரண்டு நிமிடம், எல்லாப் பல்லின் எல்லாப் பக்கமும், ஈறை ஒட்டித் தேய்க்கிறவருக்கு எலக்ட்ரிக் பிரஷ் கட்டாயம் இல்லை. ஆனால் அப்படித் தேய்க்கிறவர்கள் குறைவு. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறோம். முன்பல்லை அழுத்தித் தேய்க்கிறோம், கடைவாய்ப் பல்லின் உட்புறத்தைத் தொடுவதே இல்லை.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2014இல் 56 ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டது. சாதாரண பிரஷ்ஷோடு ஒப்பிட்டால், எலக்ட்ரிக் பிரஷ் பயன்படுத்தியவர்களுக்குப் பல்லில் படியும் பிளேக் என்ற அழுக்குப் படலம், மூன்று மாதம் வரையிலான காலத்தில் 11 சதவீதமும் அதற்கு மேற்பட்ட காலத்தில் 21 சதவீதமும் கூடுதலாகக் குறைந்திருந்தது. ஈறு வீக்கம் 6 சதவீதம், 11 சதவீதம் என்ற அளவில் குறைந்தது. மாயம் செய்யும் கருவி இல்லை, ஆனால் உண்மையாகவே பலன் தரும் கருவி. இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டால், ‘பத்து மடங்கு சுத்தம்’ என்ற விளம்பரங்களைப் பார்த்து அவசரப்பட மாட்டோம்.

நான் தயங்காமல் வாங்கச் சொல்வது சிலருக்கு. மூட்டுவலி, பக்கவாதம், கை நடுக்கம் உள்ளவர்கள். இவர்களுக்காகப் பல் தேய்த்துவிடும் வீட்டார். பல்லில் கம்பி கட்டியிருக்கும் பிள்ளைகள். ஈறில் அடிக்கடி ரத்தம் கசிந்து பல் டாக்டரிடம் போய்வருகிறவர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பவர் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கட்டும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வேண்டாம். அதற்கு மேல் என்றால் குழந்தைகளுக்கென்று வரும் சிறிய, மெத்தென்ற ஹெட் உள்ளதையே வாங்குங்கள்.

இரண்டாம் படி: பிரஷ்ஷைத் தேடும் முன் ஹெட்டைத் தேடுங்கள்

பிடித்த மாடல் ஒன்று கிடைத்ததும் அதன் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, அந்த மாடலுக்கான ஹெட்டை மட்டும் தனியாகத் தேடிப் பாருங்கள். கிடைக்கிறதா? ஒரே கடையிலா, நாலைந்து கடைகளிலா? இன்று கையிருப்பில் இருக்கிறதா? ஒன்று எவ்வளவு விழுகிறது? இதற்கெல்லாம் பதில் திருப்தியாக இல்லையென்றால் 75 அல்ல, 90 சதவீதம் தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

இப்போது ஒரு கணக்குப் போடலாம். எண்கள் என் கற்பனை, ஆனால் கடையில் நீங்கள் பார்க்கப்போவது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். முதல் பிரஷ் 1,299 ரூபாய், அதன் ஹெட் ஒன்று 250. இரண்டாவது பிரஷ் 2,499 ரூபாய், ஹெட் ஒன்று 150. இரண்டு பெட்டியிலும் ஒரு ஹெட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடத்துக்கு ஒருவருக்கு 12 ஹெட் வேண்டும். பெட்டியில் வந்ததுபோக 11 வாங்க வேண்டும். முதலாவதற்கு 1,299 கூட்டல் 2,750, மொத்தம் 4,049. இரண்டாவதற்கு 2,499 கூட்டல் 1,650, மொத்தம் 4,149. கடையில் 1,200 ரூபாயாகத் தெரிந்த வித்தியாசம் 100 ரூபாயாகச் சுருங்கிவிட்டது.

கணவன் மனைவி இருவரும் ஒரே கைப்பிடியில் ஆளுக்கொரு ஹெட் மாட்டிக்கொள்கிறார்கள் என்றால் கணக்கு தலைகீழாகிறது. 24 ஹெட்டில் ஒன்று போக 23. முதலாவதற்கு 7,049 ஆகும், இரண்டாவதற்கு 5,949. விலை கூடுதலாகத் தெரிந்த பிரஷ்ஷில் 1,100 ரூபாய் மிச்சம். ஒரு கைப்பிடியை இரண்டு பேர் பகிர்வதில் தவறில்லை, ஹெட் மட்டும் அவரவருக்குத் தனி. அடியில் வண்ண வளையம் போட்ட ஹெட்டுகள் வருவது இதற்காகத்தான். இப்படிப் பகிர்ந்துகொள்வதுதான் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய தள்ளுபடி. எந்த விற்பனைத் திருவிழாவிலும் பாதி விலைக்கு ஒரு நல்ல பிரஷ் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

ஹெட் பொருத்தம் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய சில விவரங்கள் உண்டு. ஓரல்-பி கம்பெனியின் சுழலும் வகைக் (வகைகளைப் பற்றி அடுத்த படியில் சொல்கிறேன்) கைப்பிடிகளுக்கு, குறைந்த விலை வைட்டாலிட்டி முதல் ப்ரோ வரை, ஒரே வகை ஹெட் பொருந்தும். கிராஸ்ஆக்ஷன், சென்சிடிவ் என்று எதை வேண்டுமானாலும் மாட்டலாம். ஆனால் 2020இல் வந்த ஐஓ வரிசைக்குத் தனி ஹெட். மற்றவை அதில் நுழையாது. பிலிப்ஸ் சோனிகேரில் அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் ஹெட்டுகள் இன்றைய பெரும்பாலான மாடல்களுக்குப் பொதுவானவை. திருகி மாட்டும் பழைய வகை வேறு. அதே கம்பெனியின் ‘பிலிப்ஸ் ஒன்’ என்ற மெல்லிய பிரஷ்ஷுக்கும் ஹெட் வேறு. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று மாற்றி வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய.

அசல் கம்பெனி இல்லாமல் மற்றவர்கள் செய்யும், ‘பொருந்தும்’ என்று போட்ட ஹெட்டுகள் கால் விலைக்குக் கிடைக்கும். சிலது பரவாயில்லை. ஆனால் நாரின் நுனி உருண்டையாக மழுக்கப்பட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. வெட்டியபடியே கூராக விட்ட நுனி ஈறைக் கீறும். கண்ணுக்குத் தெரியாது, நாக்கின் நுனியால் தொட்டால் குத்துவதுபோல் இருக்கும். கைப்பிடியில் லொடலொடவென்று ஆடினாலும், பிரஷ் வழக்கத்தைவிடச் சத்தம் போட்டாலும் அந்த ஹெட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அம்மாவுக்கு நான் அசலைத்தான் வாங்குகிறேன். வயதானவர்களின் ஈறோடு விளையாட எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் படி: சுழலும் வகையா, அதிரும் வகையா?

எலக்ட்ரிக் பிரஷ் புதிய பொருள் இல்லை. 1954இலேயே சுவிட்சர்லாந்தில் டாக்டர் பிலிப் கை வூக் ‘பிராக்ஸோடென்ட்’ என்ற பிரஷ்ஷை உருவாக்கினார்; அது வயரோடு சுவரில் செருகும் பிரஷ். 1990களின் தொடக்கத்தில்தான் இன்று நாம் பார்க்கும் இரண்டு வகைகளும் சந்தைக்கு வந்தன.

சுழலும் வகையில் ஹெட் சிறிய வட்டமாக இருக்கும். அது மின்விசிறிபோல முழுச் சுற்றும் சுற்றாது. வலமும் இடமுமாகத் திரும்பித் திரும்பி ஆடும். ஓரல்-பியின் ப்ரோ வகைகளில் நிமிடத்துக்கு 8,800 தடவை ஆடும், அதோடு முன்னும் பின்னும் துடிக்கும். ஒவ்வொரு பல்லாக, மூடி போடுவதுபோல, இரண்டு மூன்று நொடி வைத்து அடுத்த பல்லுக்கு நகர வேண்டும். வேலை சுத்தம். சத்தம் கொஞ்சம் கூடுதல், முதல் வாரம் வாய் அதிர்கிறது என்று புகார் வரும்.

அதிரும் வகையை ‘சானிக்’ என்று சொல்கிறார்கள். ஹெட் சாதாரண பிரஷ்போல நீளமாக இருக்கும், பக்கவாட்டில் மிக வேகமாக அதிரும். சோனிகேரின் கணக்கு நிமிடத்துக்கு 31,000 தடவை. அதே பிரஷ்ஷுக்கு 62,000 என்றும் போட்டிருப்பதைப் பார்க்கலாம். வேகம் இரட்டிப்பாகிவிடவில்லை, போவதை ஒன்று, வருவதை ஒன்று என்று தனித்தனியாக எண்ணினால் 62,000 வந்துவிடும். ஆகவே எண்ணிக்கையை வைத்து ஒன்றைவிட ஒன்று மேல் என்று முடிவுகட்டாதீர்கள். அதிலும் 40,000, 42,000 என்று பெட்டியில் போட்டிருக்கும் சில மலிவு பிரஷ்களில் மோட்டார் கைப்பிடியைத்தான் நடுங்க வைக்கும், நார் அசையவே அசையாது. வாயில் வைத்து லேசாக அழுத்தியதும் நின்றுபோகும். விமர்சனங்களில் ‘அழுத்தினால் நிற்கிறது’ என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தால் அதை விட்டுவிடுவது நல்லது.

இரண்டில் எது நல்லது? சரியாகப் பயன்படுத்தினால் இரண்டுமே நல்லது. என் அனுபவத்தில், சாதாரண பிரஷ் பழகிய பெரியவர்களுக்கு நீள ஹெட் உள்ள அதிரும் வகை சட்டென்று கைக்கு வந்துவிடுகிறது. சின்ன வாய், கடைவாயில் நெருக்கமான பல், கம்பி கட்டிய பல் என்றால் வட்ட ஹெட் எளிதாக உள்ளே போகிறது. பல் கூச்சம் உள்ளவர்களுக்கு அதிரும் வகையில், மெத்தென்ற ஹெட்டோடு தொடங்கச் சொல்வேன்.

நான்காம் படி: எந்த வசதிக்குக் காசு கொடுப்பது?

கட்டாயம் இருக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இரண்டு நிமிட டைமர். முப்பது நொடிக்கு ஒருதரம் சின்னதாக ஒரு விக்கல்போல நின்று ஓடினால் இன்னும் நல்லது. வாயை நான்கு பங்காகப் பிரித்துத் தேய்க்க அது வழிகாட்டும். இரண்டாவது, அழுத்தினால் எச்சரிக்கும் சென்சார். நாம் பாத்திரம் விளக்குவதுபோலப் பல்லை அழுத்தித் தேய்த்துப் பழகியவர்கள். எலக்ட்ரிக் பிரஷ்ஷையும் அப்படிப் பிடித்தால் ஈறு மேலேறிப் பல்லின் வேர் வெளியே தெரியத் தொடங்கும். ஓரல்-பி ப்ரோ 2 வகையில் அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். சோனிகேர் 1100இல் இந்தச் சென்சார் கிடையாது, 4100இல் உண்டு. இந்த ஒரு வசதிக்காகக் கொஞ்சம் கூடுதல் கொடுப்பதை நான் ஆதரிப்பேன்.

பேட்டரியைக் கவனியுங்கள். ஏஏ அல்லது ஏஏஏ பேட்டரி போடும் பிரஷ்கள் சில நூறு ரூபாயில் கிடைக்கும். பயணத்துக்குச் சரி, தினப்படிக்கு வலு போதாது. சார்ஜ் செய்யும் வகைகளில், பழைய குறைந்த விலை மாடல்களில் நிக்கல் பேட்டரி இருக்கும். முழுதாக ஏற ஒரு ராத்திரிக்கு மேல் ஆகும், ஒரு வாரம்கூடத் தாங்காது. லித்தியம் அயான் என்று போட்டிருந்தால் இரண்டு வாரம் வரும். ஊருக்குப் போகும்போது சார்ஜரைத் தூக்க வேண்டாம், கரண்ட் போனாலும் கவலையில்லை.

பெட்டியில் ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் முப்பது நிமிடம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்று பொருள். குழாயடியில் கழுவும் பொருளுக்கு இது அவசியம்.

மற்றவை உங்கள் ஆசை. ஐந்து மோடு இருக்கும், ஒன்றைத்தான் பயன்படுத்துவீர்கள். ப்ளூடூத் வழியாகப் போனில் பல் வரைபடம் காட்டும் மாடல்களை முதல் பத்து நாள் ஆசையாகப் பார்ப்போம், அதோடு சரி. எந்தப் பக்கம் விட்டுப்போகிறது என்று பார்த்துத் திருத்திக்கொள்ள அக்கறை உள்ளவருக்கு அது உதவும்; நம்மில் பலருக்கு அந்த இரண்டாயிரம் மூவாயிரத்தை இரண்டு வருட ஹெட்டாக மாற்றிக்கொள்வது லாபம்.

ஐந்தாம் படி: அந்தத் தள்ளுபடி உண்மையா?

நம் நாட்டில் பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்கக் கூடாது என்பது சட்டம். அந்த அதிகபட்ச விலையை எவ்வளவு வைப்பது என்பது தயாரிப்பவர் அல்லது இறக்குமதி செய்பவர் கையில். எனவே 1,200க்கு விற்க நினைக்கும் பிரஷ்ஷுக்கு 4,999 என்று அச்சிட்டுவிட்டு 75 சதவீதம் குறைக்கலாம். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். தள்ளுபடிச் சதவீதத்தைப் பார்ப்பதையே விட்டுவிடுங்கள்.

பார்க்க வேண்டியது கடந்த ஆறு மாதம், ஒரு வருடத்தில் அந்தப் பொருள் என்னென்ன விலைக்கு விற்றது என்பதை. கீபா என்ற கருவி அமேசானின் இந்தியத் தளத்துக்கு விலை வரைபடம் காட்டுகிறது. பைஹட்கே என்பது ஃப்ளிப்கார்ட் உட்பட வேறு கடைகளுக்கும் காட்டும். பொருளின் லிங்க்கை அதில் ஒட்டினால் போதும். வரைபடத்தில் கோடு எப்போதும் 1,250ஐ ஒட்டியே போகிறதென்றால் அதுதான் அதன் உண்மையான விலை, தள்ளுபடி எதுவும் இல்லை. எப்போதும் 2,900இல் நின்று, வருடத்தில் மூன்று நான்கு தடவை 1,900க்கு இறங்குகிறதென்றால் அந்தப் பள்ளத்துக்குக் காத்திருக்கலாம். நீங்கள் கொடுக்கத் தயாரான விலையை அதிலேயே குறித்துவைத்தால், இறங்கும்போது தகவல் வரும்.

இவற்றை நிறுவ மனமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி. பொருளை கார்ட்டில் போட்டுவிட்டு, ஒரு நோட்டில் தேதியும் விலையும் வாரம் ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். என் சித்தி அப்படித்தான் செய்கிறார். இரண்டு மாதத்தில் அவருக்கு விலையின் நாடி பிடிபட்டுவிட்டது.

விற்பவர் யார் என்பதையும் பாருங்கள். பெயர்பெற்ற பிராண்டாக இருந்தாலும், விற்பவர் முன்பின் கேள்விப்படாத பெயராக, பத்துப் பதினைந்து விமர்சனங்களோடு இருந்து, விலை மட்டும் எல்லோரையும்விடப் பாதியாக இருந்தால் ஒதுங்கிவிடுங்கள். ஹெட்டுகளில் போலி அதிகம்.

ஆறாம் படி: எப்போது வாங்குவது, காசு எப்படிக் கொடுப்பது

வருடத்தில் விலை இறங்கும் நாட்கள் கிட்டத்தட்டப் பஞ்சாங்கம்போல நிலையானவை. ஜனவரியில் குடியரசு தினத்தை ஒட்டி. கடந்த சில வருடங்களாக ஜூலையில் அமேசான் பிரைம் டே, அது பிரைம் உறுப்பினர்களுக்கு மட்டும். ஆகஸ்டில் சுதந்திர தினத்தை ஒட்டி. அப்புறம் எல்லாவற்றையும்விடப் பெரியது, நவராத்திரிக்குச் சற்று முன்பிருந்து தீபாவளிவரை போகும் அமேசானின் கிரேட் இந்தியன் ஃபெஸ்டிவலும் ஃப்ளிப்கார்ட்டின் பிக் பில்லியன் டேஸும். ஆடித் தள்ளுபடியில் இதைத் தேடிப் போக வேண்டாம். துணிக்கும் பாத்திரத்துக்கும் உள்ள இறக்கம் இந்தப் பொருளுக்கு நான் பார்த்தவரை கடைகளில் வருவதில்லை.

பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் வங்கிச் சலுகை. ‘இந்த கார்டுக்கு 10 சதவீதம் உடனடித் தள்ளுபடி’ என்று பெரிதாக இருக்கும். கீழே சின்ன எழுத்தில் இவ்வளவு ரூபாய்க்கு மேல் வாங்கினால்தான் என்று ஒரு நிபந்தனை இருக்கும், அதிகபட்சம் இவ்வளவுதான் குறையும் என்று இன்னொன்று. 2,000 ரூபாய் பிரஷ் தனியாக அந்த வரம்பைத் தொடாமல் போகலாம். வரம்பை எட்டுவதற்காகத் தேவையில்லாததை வாங்காதீர்கள். அதற்குப் பதில், அக்கா வீட்டுக்கு வேண்டிய மிக்ஸியையோ உங்களுக்கே ஒரு வருடத்துக்கு வேண்டிய ஹெட்டுகளையோ ஒரே பில்லில் சேர்த்தால் எல்லாவற்றுக்கும் குறையும். ஹெட் கெட்டுப்போகும் பொருள் இல்லை. பிரித்துவைக்காமல் ஈரமில்லாத இடத்தில் வைத்தால் அப்படியே இருக்கும்.

பொருளின் பக்கத்தில் விலைக்குக் கீழே சில நேரம் கூப்பன் என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதை நாமே தொட்டுத் தேர்வு செய்தால்தான் 100, 200 குறையும், தானாகக் குறையாது. தவணை முறையில் வாங்கினால் ‘வட்டியில்லை’ என்று போட்டிருந்தாலும் வங்கி பிராசஸிங் கட்டணமும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிக்கலாம். இரண்டாயிரம் மூவாயிரத்துக்குத் தவணை வேண்டாம் என்பது என் கருத்து.

வீட்டில் முன்னாள் ராணுவத்தினர் யாராவது இருந்தால் மிலிட்டரி கேன்டீனில் ஒருமுறை விசாரியுங்கள். எல்லா மாடலும் இருக்காது. இருந்தால் விலை நியாயமாக இருக்கும். உங்கள் பல் டாக்டரிடமும் கேளுங்கள். சில கிளினிக்குகளில் கம்பெனிப் பிரதிநிதிகள் கொடுக்கும் சலுகைக் கூப்பன்கள் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வாங்கிவரச் சொன்னால்

சிங்கப்பூர், துபாய், லண்டன், அமெரிக்கா என்று எங்காவது ஓர் உறவு இல்லாத வீடு நம் பக்கம் அபூர்வம். ‘அங்கே பாதி விலை’ என்று போனில் சொன்னதும் சரியென்று சொல்லிவிடாதீர்கள். அமெரிக்காவில் விற்கும் ஓரல்-பி பிரஷ்களின் சார்ஜர் பெரும்பாலும் அங்குள்ள 120 வோல்ட்டுக்காகச் செய்தது. நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகினால் புகைந்துவிடும். சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் 100–240 என்று இருந்தால் மட்டும் இங்கே பயன்படுத்தலாம். கடையில் நிற்கும்போதே அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

லண்டனில் வாங்கியதில் வேறு சிக்கல். அங்கே குளியலறை ஷேவர் சாக்கெட்டுக்கென்று தனியாக இரண்டு முள் பிளக் வரும். பார்க்க நம் இரண்டு முள் பிளக் மாதிரியே இருக்கும். முள் பருமனும் இடைவெளியும் வேறு. அழுத்திச் செருகாமல் அடாப்டர் வாங்குங்கள். வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் செல்லாது. ஆனால் ஹெட்டுகளை வெளிநாட்டிலிருந்து தாராளமாக வாங்கிவரச் சொல்லலாம். எடை இல்லை, வோல்ட் இல்லை, அங்கே எட்டு பத்து ஹெட் கொண்ட பெரிய பொதிகளில் ஒன்றின் விலை நன்றாகவே குறையும்.

பெட்டி வந்ததும்

பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். வாயில் வைக்கும் பொருள் என்பதால் பிரித்ததைத் திருப்பி எடுக்கப் பல விற்பனையாளர்கள் சம்மதிப்பதில்லை. பழுதானால் மாற்றித் தருவார்கள், அதற்கு அந்த வீடியோ சாட்சி. பெட்டியில் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், தயாரித்த மாதம் வருடம், அதிகபட்ச விலை, வாடிக்கையாளர் எண் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். எதுவும் இல்லாத வெறும் பெட்டி வந்தால் சந்தேகப்படுங்கள். பில்லைப் படமெடுத்துச் சேமித்துவையுங்கள். விற்றவர் கையை விரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. என் முதல் பிரஷ் விஷயத்தில் இந்த எண்ணை அழைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதலில் முழுச் சார்ஜ். பேஸ்ட்டை நாரில் வைத்து, பிரஷ்ஷை வாய்க்குள் கொண்டுபோன பிறகுதான் பட்டனை அழுத்த வேண்டும். வெளியே அழுத்தினால் கண்ணாடி முழுக்கப் பேஸ்ட் தெறிக்கும். பட்டாணி அளவு பேஸ்ட் போதும். கையை முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள். தேய்க்கும் வேலையை பிரஷ் பார்த்துக்கொள்ளும், நீங்கள் பல்லுக்குப் பல் மெதுவாக நகர்த்தினால் மட்டும் போதும். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். முதல் சில நாள் கூசும், லேசாக ரத்தம்கூடக் கசியலாம். இரண்டு வாரத்துக்கு மேலும் கசிந்தால் பல் டாக்டரைப் பாருங்கள்.

சென்னை மாதிரி போர் தண்ணீர் உப்பாக உள்ள ஊர்களில் ஹெட்டும் கைப்பிடியும் சேரும் இடத்தில் வெள்ளையாகப் படியும். அதன்மேல் கறுப்புப் பிசுக்கு சேரும். வாரம் இருமுறை ஹெட்டைக் கழற்றி இரண்டையும் தனித்தனியாகக் கழுவித் துடைத்து வையுங்கள். கைப்பிடியைக் கொதிநீரில் போடவே கூடாது. சார்ஜர் தட்டைக் குளியலறைக்குள் வைக்காமல் வெளியே, காய்ந்த இடத்தில் வையுங்கள்.

நார் வெளிப்பக்கம் விரிய ஆரம்பித்தால் மூன்று மாதம் ஆகாவிட்டாலும் ஹெட்டை மாற்றிவிடுங்கள். ஒரு மாதத்திலேயே விரிகிறது என்றால் நீங்கள் அழுத்துகிறீர்கள். அம்மாவுக்காக ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் தினசரிக் காலண்டரில் பேனாவால் ஒரு வட்டம் போட்டுவைத்திருக்கிறேன். அந்தத் தாளைக் கிழிக்கும் அன்று அவரே அலமாரியைத் திறந்து புது ஹெட்டை எடுத்துக்கொள்கிறார்.